தலைவருக்கு ஊதிய மெட்டு

குளிர் தொடங்கிவிட்டால் துபாயில் அவனவனுக்குப் பாரம்பரியம் ஞாபகத்துக்கு வந்துவிடும். வெயில் காலம் முழுக்க ஏசிக்குள் பதுங்கிக் கிடந்தவர்கள், வெளியே நாற்காலி போட்டு உட்காரலாம் என்று ஆனதும், தாத்தன் எதைப் பாடினான், பூட்டன் எதைத் தட்டினான் என்று கிளம்பிவிடுவார்கள். மலையாளிகள் செண்டையை இறக்குவார்கள். நம் ஆட்கள் தெர்மோகோலில் ஐயனார் செய்வார்கள். வெள்ளைக்காரர்கள் புல்தரையில் உட்கார்ந்து தங்கள் ஊர் மழையை நினைத்து உருகுவார்கள். அந்த மழை பிடிக்காமல்தானே ஓடி வந்தீர்கள், இப்போது என்ன உருக்கம் என்று கேட்க எனக்கு வாய் நமநமக்கும். கேட்டதில்லை. அவர்கள் உருகுவதற்கு ஊதிக் கொடுக்கிற ஆளே நான்தான்.

வில்லாக்கள் நிறைந்த ஒரு குடியிருப்பு, அதற்குள் ஒரு கிளப். வருஷா வருஷம் கிளப் வாசலில் ஒரு போஸ்டர் ஒட்டுவார்கள்: வரவிருக்கும் கெல்டிக் இசை, பாரம்பரிய நாட்டுப்புற இசை மாலைகள். கெல்டிக் என்றால் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்து ஆட்களின் பழைய பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். போஸ்டரில் பச்சை மலை, நாலைந்து ஆடு, காற்றில் தலைமுடி பறக்க ஒரு பெண். அடியில் பொடி எழுத்தில், பைப் இசையும் உண்டு. அந்தப் பைப் நான். ஆட்டுக்கு இடம் இருந்தது, என் மூஞ்சிக்கு இல்லை.

நான் சிவகங்கைப் பக்கம் ஒரு பொட்டல் ஊர்க்காரன். பட்டாளத்தில் சேர்ந்தது துப்பாக்கி பிடிக்கத்தான். பயிற்சியில் ஓடவிட்டுப் பார்த்த ஹவில்தார், இவனுக்கு நல்ல தம் இருக்கிறது என்று சொல்லி பைப் பேண்டில் தள்ளிவிட்டார். வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன பழக்கம், நம் பட்டாளத்தில் இன்னும் இருக்கிறது. பேக்பைப் என்று பேர்: கக்கத்தில் ஒரு பை, வாயில் ஒரு குழல், விரலுக்கு ஒரு குழல். தோளுக்கு மேல் மூன்று குழல், நாயனத்துக்கு ஒத்து ஊதுகிறவர் மாதிரி ஒரே சுருதியில் விடாமல் கத்திக்கொண்டிருக்கும். பட்டாளத்தை விட்டு வந்தபோது எல்லாரும் மதுபாட்டிலும் டிரங்குப் பெட்டியும் கொண்டுவந்தார்கள். நான் இந்தப் பையைக் கொண்டுவந்தேன். பிறகு பிழைப்புக்கு இங்கே. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கிடங்கில் கேட் டியூட்டி.

ஆறு பேர் படுக்கிற ரூமில் இதை ஊத முடியாது. ஊதினால் ஐந்து பேரும் சேர்ந்து கொன்றுவிடுவார்கள். ஆஃப் நாளில் கிடங்குக்குப் பின்னால், லாரிகள் நிறுத்துகிற மணல்வெளியில் போய் ஊதுவேன். பாகிஸ்தான் பட்டாணிய டிரைவர்கள் சாயா கிளாஸோடு வந்து உட்கார்ந்து கேட்பார்கள். அவர்களுக்குப் பிடிக்கும். நம் ஊர்க்காரன்தான் தூரத்தில் நின்று, "அண்ணே, மாடு கன்னு போடுதா?" என்று கேட்பான். அப்படி ஊதிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து கராஜில் கார் விட வந்த ஒரு வெள்ளைக்காரத் தாடிக்காரர் காதில் விழுந்தேன். அவர் கிளப்பின் செயலாளர். அன்றிலிருந்து ஒவ்வொரு குளிருக்கும் அவர்கள் மேடையில் கடைசி ஐட்டம் என்னுடையது. கட்டம் போட்ட பாவாடை ஒன்றை அவர்களே தைத்துக் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் எந்த ஊரில் கற்றேன் என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு அம்மாள் கேட்பார். சிவகங்கை என்பேன். ஓ, அழகான இடம் என்பார்.

இவ்வளவும் என் பெண்டாட்டிக்குத் தெரியும், ஆனால் ஒருநாளும் பார்த்ததில்லை. கல்யாணமானபோது நான் பட்டாளத்தில். பட்டாளம் விட்டதும் இங்கே. லீவில் ஊருக்குப் போகும்போது பையை எடுத்துப் போக மாட்டேன். காரணம் அவள் அண்ணன்.

என் மச்சான் இருக்கிறாரே, ஊரில் பெரிய மனிதர். மீசையை நம்பி வாழ்கிறவர். கல்யாணமான புதிதில், பட்டாளத்தில் என்ன வேலை மாப்பிள்ளை என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களைப் பார்த்து, "துப்பாக்கி பிடிக்கப் போனவரு ஊதிக்கிட்டு வந்திருக்காரு" என்றார். அதோடு விட்டாரா? "ஊதுறதும் அடிக்கிறதும் நம்ம வீட்டு ஆளுக செய்யிற வேலையாப்பா? எழவு வீட்டுல தெருவுல நிக்கிறவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?" எல்லாரும் சிரித்தார்கள். தெருவில் நிற்கிறவனைத் தெருவிலேயே நிற்க வைத்தது யார் என்று அந்த இடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கதவோரம் நின்றிருந்த என் பெண்டாட்டி காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம். கோயில் கொடை, காதுகுத்து, பொங்கல், எங்கே கூடினாலும் அவளுக்கு அந்தப் பேச்சு ஒரு தடவையாவது வந்து சேரும். "என்னத்தா, பேண்டுக்காரரு வரலையா?" என்று மதினிமார் கேட்பார்கள். அவள் வாயைத் திறந்ததே இல்லை. என்னிடமும் குறைப்பட்டதில்லை. ஒரே ஒரு முறை போனில் சொன்னாள்: "அங்க வெள்ளைக்காரவுகளே உங்கள மேடையில ஏத்தி கைதட்டுறாகன்னு சொல்றீகளே. அத ஒருநா நான் பாக்கணுங்க. பாத்து, போன்ல புடிச்சு, எங்கண்ணனுக்கு அனுப்பணும். அம்புட்டுத்தான்."

பட்டுப்புடவை கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. புருஷன் மேடையில் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்றாள். அந்தக் குளிருக்கு விசிட் விசா எடுத்து அவளை வரவழைத்தேன். ஷார்ஜா ரோலாவில் ஒரு ஃபிளாட்டில் பலகை வைத்துத் தடுத்த ரூம் ஒன்று பிடித்தேன். அந்தப் பக்கம் ஒரு குடும்பம் தும்மினால் இந்தப் பக்கம் நாம் மூக்கைத் துடைக்க வேண்டும். அவள் வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, கச்சேரி என்றைக்கு என்பதுதான்.

இங்கேதான் தலைவர் வருகிறார். எங்கள் தமிழர்களுக்கு இங்கே ஒரு சங்கம் உண்டு. அதற்கு ஒரு தலைவர். பெரிய கம்பெனியில் மேனேஜர், அந்த வில்லாக் குடியிருப்பிலேயே வீடு, கிளப் கமிட்டியிலும் ஆள். பொன்னாடை போர்த்திக்கொள்வதில் அவருக்கு ஈடு இணை கிடையாது. யாருக்காவது பாராட்டு விழா என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் பாராட்டு இவருக்கு நடந்துகொண்டிருக்கும். இவரைச் சுற்றி எப்போதும் நாலைந்து பேர். இவர் தும்மினால் "அருமை சார்" என்பார்கள்.

அந்த வருஷம் கிளப்பில் பேசி, பாரம்பரிய நாட்டுப்புற இசை என்கிற பேரில் எங்கள் சங்கத்துக்கும் ஒரு கால்மணி நேரம் வாங்கிவிட்டார். நல்ல விஷயம்தான். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் தங்கியிருக்கிற நம் ஆட்கள் சிலர் வெள்ளிக்கிழமைகளில் பறை அடிப்பார்கள், கேட்டால் கால் தானாக ஆடும். ஐந்து நிமிஷம் கொடுங்கள் சார் என்று வந்து நின்றார்கள். நானும் அங்கே இருந்தேன். தலைவர் முகத்தைச் சுளித்தார். "சாவு மேளமெல்லாம் வேண்டாம்பா. நாலு பெரிய மனுஷங்க வர்ற இடம். அபசகுனமா இருக்கும்." அவர்கள் பஸ் ஏறப் போனார்கள். பதிலுக்கு என்ன வைத்தார் தெரியுமா? கரகாட்டம். கரகம் பிளாஸ்டிக். விழாமல் இருக்கத் தாடையோடு சேர்த்து நாடா போட்டுக் கட்டியிருந்தார்கள். பாட்டு சினிமாவில் வந்தது. ஆடியது இங்கேயே பிறந்து இங்கிலீஷில் சண்டை போடுகிற பிள்ளைகள். அதுகளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, சொன்னதை ஆடின.

பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஒரு விஷயம். நீங்க இந்த வருஷம் மேடை ஏற வேண்டாம்."

ஏன் சார் என்றேன்.

"பாருங்க, நம்ம ஐட்டத்துல தமிழன் வேட்டியில நிக்கிறான். அதே மேடையில இன்னொரு தமிழன் பாவாடை கட்டிட்டு நின்னா எப்படி இருக்கும்? நம்ம கல்ச்சருக்கு என்ன மரியாதை? நான் கமிட்டியில சொல்லிட்டேன். நீங்க வாசல்ல, கார் பார்க்கிங் பக்கம் நின்னு வர்றவங்களை வரவேற்கிற மாதிரி ஊதிடுங்க. அதுவும் கௌரவம்தான்."

வேட்டியைப் பற்றிப் பேசினாரே, அவர் கட்டியிருந்தது வெல்க்ரோ வைத்த ஒட்டு வேட்டி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். ஸ்காட்லாந்துக்காரன் தன் வாத்தியத்தைத் தன் பாவாடையோடு என்னிடம் கொடுத்து மேடையில் ஏற்றினான். அதில் அவன் கௌரவம் ஒன்றும் குறையவில்லை. தமிழன் கௌரவத்துக்குத்தான் சளி பிடித்துவிட்டது. தாடிக்காரரிடம் போய்க் கேட்டேன். கையைப் பிசைந்தார். கமிட்டி முடிவு, எல்லாச் சமூகத்தையும் அனுசரித்துப் போக வேண்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். முதுகெலும்பு மாஃபி, அரபியில் இல்லை என்று அர்த்தம். நல்ல மனிதர்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தேன். அவள் மீனா பஜாரில் வாங்கிவந்த மல்லிகையை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பட்டை ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தாள், அதை விரித்து மடிப்பு நீவிக்கொண்டிருந்தாள். "எத்தனாவது வரிசையில உக்காந்தா உங்க மூஞ்சி நல்லா விழும்?" என்று கேட்டாள். கார் பார்க்கிங் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டாவது வரிசை என்றேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என்னை வாசலில் நிறுத்தியதற்குக்கூட இல்லை. நான் வாழ்க்கை முழுக்க வாசலில் நிற்கிறவன்தான், வேலையே அதுதான். அவள் அண்ணன் சொன்ன அதே இடத்துக்கு அவள் கண்முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறானே இந்த ஆள் என்றுதான்.

கச்சேரிக்கு முதல்நாள் ஒத்திகைக்குப் போனேன். தலைவர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். "நான்தான் நாளைக்குத் துவக்கி வைக்கிறேன். சும்மா நடந்து போனா நல்லா இருக்காது. நீங்க ஊதிட்டே முன்னால போங்க, நான் பின்னால வர்றேன். அவங்க வழக்கம் அப்படித்தானாமே?"

வழக்கம் அதுதான். முக்கியஸ்தரை பைப்காரன் முன்னே நடந்து அழைத்துப் போவான். அவன் நடைதான் நடை, பின்னால் வருகிறவர் முந்தக் கூடாது. அவன் ஊதி முடிக்கும்வரை யாரும் உட்காரவும் கூடாது. ஆசை யாரை விட்டது! வாசலில் நிற்க வைத்த ஆளைத் தானே மேடைப்படி வரை கூட்டிப் போகிறார் என்பது அவருக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. நடுப்பாதை வழியாகத்தான் போக வேண்டும். இரண்டாவது வரிசை அந்தப் பாதையை ஒட்டித்தான். சரி சார் என்றேன்.

"இந்த டியூன் ஊதுங்க" என்று ஒரு வீடியோவைக் காட்டினார். எங்கேயோ வெளிநாட்டில் ஒரு மைதானம், ஒரு பைப்காரன் மெல்ல நடக்கிறான், கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கிறது. ஒருவர் அசையவில்லை. "பாத்தீங்களா? இந்த டியூனுக்கு எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. என்ன ஒரு கம்பீரம். இதுதான் வேணும்."

அது செத்தவனுக்கு ஊதுகிற மெட்டு. வீடியோவில் நடப்பது நினைவஞ்சலி. எங்கள் பேண்டில் அந்த மெட்டை வெளியில் ஊதவே கூடாது. பழகுவதற்குக்கூட பையில் காற்று ஏற்றக் கூடாது, பழகுவதற்கென்றே இருக்கிற தனிச் சின்னக் குழலில் மட்டும் சன்னமாக ஊதிப் பழகிக்கொள்ள வேண்டும். சவப்பெட்டி வந்து இறங்கும்போதுதான் பை நிறைய ஊதுவோம். நானே எத்தனையோ பெட்டிக்கு ஊதியிருக்கிறேன்.

சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நல்ல காரியம் பேசுகிற இடத்தில், அதுவும் ஒரு பெரிய மனிதரிடம், சாவு என்ற வார்த்தையை எடுத்த எடுப்பில் எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். "சார், இது நல்ல காரியத்துக்கு ஊதுறது இல்லைங்க. வேற ஒண்ணு ஊதுறேனே..."

கையைக் காட்டி நிறுத்தினார். "உங்களுக்கு எதைச் சொன்னாலும் ஒரு ரூல் வெச்சிருப்பீங்க. மேடை இல்லைன்னு சொன்னதுக்குக் கோபம், அதானே? ஊதச் சொன்னா ஊதுங்க." பக்கத்தில் நின்ற ஆள், "சார் செலக்‌ஷன் எப்பவும் டாப்பு" என்றார். இன்னொரு தடவை வாயைத் திறந்தேன். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. கலாஸ், முடிந்தது கதை என்று விட்டுவிட்டேன். பறையைச் சாவு மேளம் என்று விரட்டிய வாய்க்கு இதற்குமேல் எடுத்துச் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து?

ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த மெட்டைச் சும்மா ஊதக் கூடாது. யாராவது ஒருவருக்காகத்தான் ஊத வேண்டும். தலைவருக்காக ஊத முடியாது, அவர் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். எங்கள் ஆறு பேர் ரூமில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார், சமையல் அவர் முறை வந்தால் ரூமே சீக்கிரம் வந்து சேரும். போன வெயிலில் கட்டிட சைட்டில் சுருண்டு விழுந்து செத்தார். பெட்டியில் போட்டு கார்கோவில் அனுப்பினார்கள். ஏர்போர்ட்டுக்குப் போக எங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு சங்கு ஊதவில்லை, ஒரு மேளம் அடிக்கவில்லை, ஒரு பொம்பளை மாரடித்து அழவில்லை. சரி, அவருக்கு ஊதிவிடுவோம் என்று முடிவு செய்தேன். பிறகு எனக்கு எந்த உறுத்தலும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம். அவள் பட்டுடுத்தி, பூ வைத்து, இரண்டாவது வரிசை ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் அரைக்கால் டவுசரில் உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது என் பாவாடையை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள். "கைலிய மடிச்சு ஊக்கு குத்துனாப்புல இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றாள். நான் கார் பார்க்கிங்கில் நின்று, இறங்கி வந்தவர்களுக்குச் சின்னச் சின்ன துள்ளல் மெட்டுகளை ஊதிக்கொண்டிருந்தேன். குப்பைத் தொட்டி ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம். தமிழன் கௌரவம் பத்திரமாக இருந்தது.

தலைவர் வந்தார். பட்டு ஜிப்பா, ஒட்டு வேட்டி, யாரோ கொடுத்த பொன்னாடையைத் தானே போர்த்திக்கொண்டு வந்திருந்தார். பின்னால் அவருடைய ஆட்கள். "ஆரம்பிங்க" என்றார்.

பையில் காற்றை ஏற்றினேன். தோள்குழல்கள் எழுந்தன. மெட்டை எடுத்து, மெது நடையில் நடந்தேன்.

அந்தப் புல்தரையில் அதைத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர்தான் இருந்திருப்பார்கள். கடைசி வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி முதலில் எழுந்தார். கைத்தடியை ஊன்றி எழுந்து தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஒரு வழுக்கைத்தலையர், கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு. மேடையோரம் நின்ற தாடிக்காரர் தொப்பியைக் கழற்றினார். அவ்வளவுதான், மற்றவர்கள் என்னவென்று தெரியாமலே வரிசை வரிசையாக எழுந்தார்கள். வெள்ளைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள் என்றதும் நம் சங்கத்து ஆட்கள் அவசரமாக எழுந்தார்கள். கரகம் கட்டிய பிள்ளைகளும் நின்றன. எல்லாத் தலையும் குனிந்திருந்தது. நிமிர்ந்திருந்தது ஒரு தலைதான். அது இரண்டு கையையும் கூப்பி, இடப்பக்கம் ஒரு வணக்கம், வலப்பக்கம் ஒரு வணக்கம் என்று புன்சிரிப்போடு என் பின்னால் வந்துகொண்டிருந்தது.

பாடையில் போகிறவன்கூட அப்படிக் கும்பிட்டுக்கொண்டு போனதில்லை.

நடுப்பாதையில் வந்தபோது அவளைப் பார்த்தேன். எழுந்து நின்று இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தாள். என்னைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள், தலைவர் படத்திலேயே விழுந்திருக்க மாட்டார். மேடைப்படி ஏறி, ஓரமாகத் திரும்பி நின்று, புதுக்கோட்டைக்காரருக்கு மிச்சமிருந்ததையும் ஊதி முடித்தேன். அதுவரை ஒருவர் உட்காரவில்லை. யாரும் கைதட்டவும் இல்லை. அந்த மெட்டுக்குக் கைதட்டுவது வழக்கம் இல்லை.

தலைவர் மைக்கைப் பிடித்தார். எழுந்து நின்று தமிழினத்துக்கு மரியாதை செய்த உங்கள் பண்பாட்டை மறக்க மாட்டேன் என்றார். நான் இறங்கி வந்தேன். தாடிக்காரர் அருகில் வந்து, யாருக்காக என்று மெல்லக் கேட்டார். என் ரூம்காரருக்கு என்றேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. பேச்சு முடிந்து வந்த தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன சொல்றாரு?" என்று கேட்டார். ரொம்ப நல்லா இருந்துச்சாம் சார் என்றேன். தன் அறுபதாம் கல்யாணத்துக்கும் இதே டியூன்தான், நீங்கதான் ஊதணும் என்றார். பார்ப்போம்.

மறுநாள் காலையில் இட்லி பார்சல் வாங்கிக்கொண்டு ரூமுக்கு வந்தேன். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கண்ணனுக்கு ராத்திரியே அனுப்பிட்டேங்க" என்றாள். "எதுக்கு எல்லாரும் தலையக் குனிஞ்சு நிக்கிறாகன்னு கேட்டாரு. எம் புருஷன் ஊதுனா அங்க அப்படித்தான் நிப்பாகன்னு சொல்லிட்டேன்."

நான் இட்லியைப் பிரித்தேன். அது பொய் என்று சொல்ல வேண்டிய ஆள் நான்தான். சொல்லவில்லை. அத்தனை வருஷம் வாங்கிய பேச்சுக்கு ஒரு பொய்கூட அவளுக்குப் பாத்தியதை இல்லையா?

"அதுக்குப் பெறகு இது வந்துச்சு" என்று போனை என் பக்கம் திருப்பி வைத்தாள். மச்சானின் குரல். முதலில் கொஞ்ச நேரம் இருமல்.

"மாப்ள. இது எழவுக்கு ஊதுறதுதான? எங்கிட்ட மறைக்காதீக. நான் பாக்காத எழவா. பாஷை தெரியாட்டாலும் இது என்னன்னு எனக்குத் தெரியும். நேத்துலருந்து திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டு இருக்கேன். சரி, ஒண்ணு சொல்றேன். நான் போற அன்னைக்கு நீங்க வந்து இத எனக்கு ஊதணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

கையிலிருந்த இட்லியைச் சட்னியில் வைத்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ மிக்ஸியை ஓட்டினார்கள்.

"என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"செத்ததுக்கெல்லாம் இங்க எவன் லீவு குடுக்கிறான்? லீவு கெடச்சா வாரேன்னு சொல்லு."

அவள் அதைச் சொல்லவில்லை. மிக்ஸி நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் அண்ணனிடம் ஒருநாளும் பேசியிராத குரலில் பேசினாள்.

"வருவாருண்ணே. ஆனா தெருவுல நிக்க வச்சு ஊதச் சொல்லாதீக. நடுவீட்டுல நாற்காலி போட்டு வைக்கச் சொல்லுங்க. போட்டாத்தான் வருவாரு."

அனுப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் கேட்டுவிட்டதற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது. பதில் இன்றுவரை வரவில்லை.